உடலைப் பேணுவதும் அறமே

புனித சின்னப்பர் கொரிந்து நகரத்து விசுவாசிகளுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் விளையாட்டரங்கம் ஒன்று நம் கண்முன் விரிகின்றது. ஓட்டக்காரரையும் குத்துச் சண்டைக்காரரையும் உவமையாக எடுத்துக்கொண்டு, விசுவாச வாழ்வுக்கு வேண்டிய கட்டுப்பாட்டை அவர் விளக்குகின்றார். அவ்வுவமை அந்நகரத்தாருக்கு உடனே விளங்கியிருக்கும். ஏனெனில் கொரிந்துக்கு அண்மையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டு விழா நடைபெறுவது வழக்கம். அங்கே வென்றவருக்குச் சூட்டப்பட்டது பொன்முடி அன்று. சில நாட்களில் வாடிப்போகும் இலைமுடியே. அதற்காகவும் அவ்வீரர்கள் மாதக்கணக்கில் உணவைக் குறைத்து, உறக்கத்தை அளந்து, உடலை வசப்படுத்தினார்கள்.

குருமடத்தில் இப்பகுதியைப் பயின்ற நாளில் நம் பேராசிரியர் ஒருவர் திரும்பத் திரும்ப வற்புறுத்திய கருத்து ஒன்று உண்டு. உடலை அடக்குதல் வேறு, உடலை வெறுத்தல் வேறு. தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயம் என்று எதைச் சின்னப்பர் அழைத்தாரோ, அதை ஒட்டடை படிய விட்டுவிடுவது பக்தியாகாது. வகுப்பு முடிந்ததும் மாலையில் அதே பேராசிரியர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நம்முடன் கால்பந்து ஆடுவார். அவர் வகுப்பில் சொன்னதைவிட மைதானத்தில் ஆடிக் காட்டியதுதான் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

ஆனால் நம் குடும்பங்களிலோ விளையாட்டைப் பற்றிய எண்ணம் வேறாக இருக்கின்றது. பொறுப்பற்றவனை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிறோம். மனத்தில் இல்லாததைச் சொல்லிவிட்டால் ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்கிறோம். வீணான காரியத்தை ‘என்ன விளையாடுகிறாயா?’ என்று கடிகிறோம். இவ்வாறு அந்தச் சொல்லையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டோம். பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு வெளியே புறப்பட்டால் படிப்புக் கெட்டது என்று கவலைப்படும் பெற்றோர், அதே பிள்ளை கைப்பேசியை ஏந்தியபடி மூலையில் மூன்று மணி நேரம் முடங்கிக் கிடந்தால், வீட்டோடு இருக்கிறான் என்று நிம்மதி அடைகின்றார்கள். இது சரிதானா என்பதை வாசகர்களோடு சேர்ந்து சிந்திப்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

இச்சிந்தனையைத் தூண்டியவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பணிபுரியும் அவர், சென்ற விடுமுறைக்கு ஊர் வந்தபோது சிறுவர்களுக்கென்று சிவப்புத் தோல் பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அது உருண்டையாக இல்லை. இருமுனையும் கூம்பி முட்டை வடிவில் இருந்தது. அதைப் பார்த்த பாட்டி ஒருவர், “இதென்ன சாமி, பிஞ்சுப் பலாக்காய்க்குச் சாயம் பூசின மாதிரி இருக்கிறதே!” என்றார். சிறுவர்கள் உதைத்தபோது அது ஒரு பக்கம் விழுந்து வேறொரு பக்கம் துள்ளியது. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அவ்விளையாட்டைப் பற்றி அந்த இளைஞர் சொல்லியவையும், பின்னர் நாம் படித்தறிந்தவையும் பயனுள்ளவை.

ஆஸ்திரேலியக் கால்பந்து என்று வழங்கப்படும் இவ்விளையாட்டு 1858ஆம் ஆண்டளவில் மெல்போர்னில் தோன்றியது. 1859இல் அதன் முதல் விதிகள் எழுதப்பட்டன. நீள்வட்ட வடிவ மைதானத்தில் பக்கத்திற்குப் பதினெட்டுப் பேர் ஆடுவர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் மற்றவருக்குத் தரும்போது வீசி எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முட்டியால் தட்டிக் கொடுக்க வேண்டும். நடுவில் உள்ள இரு நெடுங்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளிகள். பக்கத்துக் கம்பத்திற்கு உட்பட்டுப் போனால் ஒரு புள்ளி. அதாவது, குறி சற்றுத் தவறினாலும் முயற்சிக்கு ஒரு சிறு கூலி உண்டு! ஒரே ஆட்டத்தில் ஒரு வீரர் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலும் ஓட நேர்வதுண்டு.

போட்டிகள் மார்ச் மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை நடைபெறும். ஆனால் வீரர்களின் உழைப்போ முந்தைய நவம்பரிலேயே தொடங்கிவிடுகின்றது. அந்நாட்டில் அது கடுங்கோடைக்காலம். காலையில் நெடுந்தூர ஓட்டம், பகலில் பளு தூக்குதல், மாலையில் நீச்சல், இடையிடையே விரைவோட்டங்கள் என்று நான்கு மாதங்கள் கழிகின்றன. இரண்டு கிலோமீட்டர் தூரத்தை எத்தனை நிமிடத்தில் ஓடினார் என்று கணக்கெடுக்கின்றனர். என்ன உண்டார், எவ்வளவு உறங்கினார் என்பதும் கணக்கில் சேரும். பார்வையாளரின் கைதட்டல் இல்லாத, புகைப்படம் எடுப்பார் இல்லாத இந்த மாதங்களில்தான் வெற்றி உருவாகின்றது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. தவக்காலத்தை நாற்பது நாள் அனுசரிக்கும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

நம்மைக் கவர்ந்த செய்தி இனிமேல்தான் வருகின்றது. இக்கடும் பயிற்சிக் காலத்தின் நடுவிலேயே, வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில், வீரர்கள் சிற்றூர்களுக்கும் தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கும் சென்று பள்ளிப் பிள்ளைகளோடு ஆடுகின்றனர். மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திக்கின்றனர். கடல் கடந்தும் சென்றிருக்கின்றனர். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கார்ல்ட்டன், ஃப்ரீமேன்டில் என்னும் இரு கழகங்கள் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் நகரில் பருவத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றை ஆடின. அந்நாட்டில் கறுப்பின மக்கள் வாழும் ஏழைக் குடியிருப்புகளின் சிறுவர்களுக்கு இவ்விளையாட்டைக் கற்பிக்கும் முயற்சியும் நடந்துவந்தது. அதே 2008இல் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற பன்னாட்டுக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியும் முதன்முறையாகக் களமிறங்கியது.

இதில் விளம்பர நோக்கமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. புதிய இரசிகர்களைத் தேடுவதும், புதிய சந்தையைத் திறப்பதும் கழகங்களின் எண்ணத்தில் உண்டு. ஒருநாள் வந்து, சிறுவனின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் விமானம் ஏறிப் போவதைத் தொண்டு என்று புகழ்வதும் மிகை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வெற்றி பெற்ற பின்னர் கொடுப்போம், புகழடைந்த பின்னர் போவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டின் முதல் ஆட்டத்தில்கூட இன்னும் ஆடாத நேரத்தில், பயிற்சி அட்டவணையிலேயே பிறருக்கென்று சில நாட்களை எழுதி வைத்திருக்கின்றனர். நம்மில் எத்தனை பேர், மகளுக்குத் திருமணம் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், ஓய்வு பெறட்டும், பிறகு வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்கிறேன் என்று நாளைக் கடத்துகின்றோம்!

வந்து போகின்றவர்களுக்கிடையே வந்து நிலைத்தவர்களும் உண்டு. டப்ளின் நகரில் 1966இல் பிறந்து, லசால் சபையாரின் பள்ளியில் பயின்ற ஜிம் ஸ்டைன்ஸ் என்ற அயர்லாந்து இளைஞர், 1984இல் மெல்போர்ன் கழகத்தால் அழைக்கப்பட்டு ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். விளையாட்டே அவருக்குப் புதிது. 1987இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஓடக்கூடாத இடத்தில் அவர் குறுக்கே ஓடியதால் எதிரணிக்குப் பதினைந்து மீட்டர் முன்னேற்றம் தண்டமாக வழங்கப்பட்டது. அந்த உதையினால் அவருடைய அணி தோற்றது. நகரமே அவரைத் தூற்றியது. அவர் ஊர் திரும்பிப் போய்விடவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் உழைத்து, 1991இல் அவ்விளையாட்டின் தலைசிறந்த வீரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தைப் பெற்றார். தொடர்ந்து 244 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடியது அவருடைய சாதனை.

ஆனால் அவரை நாம் நினைவுகூர்வது அதற்காக அன்று. 1994இல், இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே, மனம் உடைந்த இளைஞர்களுக்காக ‘ரீச்’ என்ற அமைப்பை நண்பர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கினார். குடும்பச் சிதைவாலும் தோல்வியாலும் வாடிய பிள்ளைகள் பேசவும் அழவும் எழுந்து நிற்கவும் அது இடம் தந்தது. ஊரார் முன்னிலையில் தோற்ற அனுபவம் உள்ளவர் அன்றோ, தோற்ற பிள்ளையிடம் பேசத் தகுந்தவர்! 2012ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் புற்றுநோயால் தமது 45ஆம் வயதில் அவர் இறந்தபோது, அரசு மரியாதையுடன் அடக்கச் சடங்கு நடைபெற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். மேல்நாட்டு விளையாட்டு வீரர்கள் இந்திய மண்ணில் ஆற்றிய பணிகளுள் இரண்டைக் குறிப்பிடலாம். இருவரும் கிரிக்கெட் வீரர்களே.

முதலாவது நம் சென்னையில் நிகழ்ந்தது. 1987இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேகப்பந்து வீச்சுப் பயிற்சிக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லியைப் பயிற்றுநராக அழைத்தது. சேத்துப்பட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் அமைந்தது அந்நிலையம். லில்லிக்கு 1973இல் முதுகெலும்பில் விரிசல் கண்டிருந்தது. ஆட்ட வாழ்வு முடிந்தது என்று பலர் கருதிய நிலையில், உடற்கல்வி அறிஞரின் துணையோடு தம் உடலை அங்குலம் அங்குலமாக மீண்டும் கட்டியெழுப்பி, 1974ஆம் ஆண்டின் இறுதியில் களம் திரும்பியவர் அவர். ஆகவே பந்தை எப்படி வீசுவது என்பதோடு, முதுகை எப்படிக் காப்பது, வயிற்றுத் தசையை எப்படி வலுப்படுத்துவது என்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் முதலியோர் அந்நிலையத்தின் பயிற்சி பெற்றவர்கள். வேகப்பந்து வீச்சாளராக விரும்பி அங்கே வந்த சிறுவன் ஒருவனை, நீ மட்டை பிடிப்பதில் மனத்தைச் செலுத்து என்று லில்லி திருப்பி அனுப்பினார். அச்சிறுவன்தான் சச்சின் டெண்டுல்கர். இன்ன பிள்ளைக்கு இன்ன கொடை என்று கண்டு சொல்வதும் ஆசிரியத் தொண்டின் ஒரு பகுதி.

இரண்டாவது கல்கத்தாவுக்கு அண்மையில் பராக்பூரில் நிகழ்ந்தது. தொழுநோயாளரின் பிள்ளைகளுக்காக ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் 1970இல் ‘உதயன்’ என்ற இல்லத்தைத் தொடங்கியிருந்தார். 1998இல் ஆட்டத்திற்காகக் கல்கத்தா வந்த ஸ்டீவ் வாஹ், அவ்வில்லத்தைப் பற்றி அறிந்து நேரில் சென்றார். ஆண் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. அவர்களுடைய தங்கைகளுக்கோ இல்லை. பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதி எழும்பத் தம் பெயரையும் பொருளையும் நேரத்தையும் தந்தார். ‘நிவேதிதா பவன்’ என்பது அதன் பெயர். அவர் ஒருமுறை வந்து போகவில்லை. ஆண்டுகள் பல கடந்தும், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் திரும்பத் திரும்ப வந்தார். திரும்பி வருகிறவரையே பிள்ளைகள் நம்புவார்கள்.

வெளிநாட்டார் மட்டும்தான் இப்படியா என்று கேட்பீர்கள். நமக்கு அடுத்த சேலம் மாவட்டத்தைப் பாருங்கள். சின்னப்பம்பட்டி என்ற ஊரில் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த த. நடராஜன், 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆஸ்திரேலியாவில் கான்பரா நகரில் இந்திய அணிக்காக முதன்முதலில் பந்து வீசினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடினார். வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று அழைத்துச் செல்லப்பட்டவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் களம் கண்டார். அவர் புகழோடு நகரத்தில் தங்கிவிடவில்லை. தம் ஊரிலேயே மைதானம் ஒன்றை அமைத்தார். அது 2023 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்தின் சக்கரத்தில் சிக்கிக் கால் நசுங்கி ஊனமுற்றவர். தாயார் காய்கறி விற்று வளர்த்தார். 2016இல் ரியோ நகரில் மாற்றுத் திறனாளிகளுக்கான ஒலிம்பிக் விழாவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். இவ்விருவரும் பிறந்த மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் வேற்றுமை அதிகம் இல்லை. அதே வெயில், அதே வறட்சி.

திருச்சபையும் விளையாட்டைப் புறக்கணித்ததில்லை. புனித ஜான் போஸ்கோ சிறுவனாக இருந்தபோது கயிற்றின்மேல் நடக்கவும் குட்டிக்கரணம் அடிக்கவும் கற்றுக்கொண்டு, வேடிக்கை பார்க்கக் கூடிய பிள்ளைகளைச் செபமாலை சொல்லச் செய்தார். குருவான பின்னர் தூரின் நகரத்தில் தெருப் பிள்ளைகளுக்கென்று அவர் அமைத்த இல்லத்தில் ஆலயமும் வகுப்பறையும் இருந்தன. அவற்றோடு விளையாட்டுத் திடலும் இருந்தது. அவருடைய சபையார் 1906இல் தஞ்சைக்கு வந்தபோது அந்த முறையைத் தமிழகத்திற்கும் கொண்டுவந்தனர். இன்று உலகமெங்கும் முழங்கும் ஒலிம்பிக் முழக்கமாகிய விரைவு, உயர்வு, வலிமை என்ற மூன்று சொற்களையும் முதலில் மாணவர்க்கு வழங்கியவர் ஹென்றி திதோன் என்ற தொமினிக்கன் சபைக் குருவே. 2021இல் அவற்றோடு ‘ஒன்றிணைந்து’ என்ற நான்காம் சொல் சேர்க்கப்பட்டது. விளையாட்டைப் பற்றி வத்திக்கான் 2018 ஜூன் மாதத்தில் தனி ஏடு ஒன்றையே வெளியிட்டது.

இனி நம் ஊர்ப் பக்கம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இண்டூர் இருக்கின்றது. விடியற்காலையில் அப்பக்கம் முதல் பேருந்தில் சென்றால், இருளில் சாலையோரமாக ஓடும் வாலிபர்களைக் காணலாம். அவர்கள் பதக்கத்திற்காக ஓடவில்லை; வேலைக்காக ஓடுகின்றார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்திற்குள் கடக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திற்குள் ஓட வேண்டும். கயிறு ஏறுதல், தாண்டுதல் முதலியவையும் உண்டு. மழையை நம்பிய நிலம், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகும் குடும்பங்கள் என்று இருக்கின்ற நம் பகுதியில், அந்த ஏழு நிமிடங்கள் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுக் கடனைத் தீர்க்கக் கூடியவை. எனவே இதனை விளையாட்டு என்று எள்ளி நகையாட முடியாது.

ஆனால் எங்கே ஓடுகின்றார்கள்? ஒகேனக்கல் செல்லும் வாகனங்கள் பாயும் சாலையில். சென்ற ஆண்டு அப்படி ஓடிய நம் பங்கு வாலிபர் ஒருவரை இரு சக்கர வண்டி மோதிற்று. கால் எலும்பு முறிந்து, அவ்வாண்டுத் தேர்வும் கைவிட்டுப் போயிற்று. மற்றொருவர் பங்குனி வெயிலில், காலை உணவும் இன்றி, தண்ணீரும் அருந்தாமல் நண்பகலில் ஓடி மயங்கி விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புநீர் ஏற்றிய பிறகே கண் விழித்தார். தண்ணீர் குடித்தால் ஓட்டம் கெடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் மைதானத்தில் ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக ஆடி 210 ஓட்டங்கள் எடுத்தார். வாந்தியும் தசைப்பிடிப்பும் கண்டு, ஆட்டமிழந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பயிற்சி பெற்ற வீரரையே நம் வெயில் படுத்திவிட்டது என்றால், வெறும் வயிற்றோடு ஓடும் ஏழை வாலிபரின் கதி என்ன!

நம் மாவட்டத்திற்கு மற்றொரு தனித் துன்பமும் உண்டு. நிலத்தடி நீரில் புளூரைடு உப்பு மிகுந்திருப்பதால், பல ஊர்களில் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின. பெரியவர்களின் மூட்டுகள் இறுகின. முதுகெலும்பு வளைந்தவர்களும் உண்டு. 2013இல் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது ஒரு பெரும் பேறு. ஆயினும் குழாயில் ஆற்றுநீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரையே பருகும் வழக்கம் நீங்கவில்லை. ஆகவே தாய்மார்களை நாம் வேண்டுவது இதுதான்: சமைக்கவும் பருகவும் ஆற்றுநீரைத் தனிப் பானையில் சேமித்து வையுங்கள். நம் முன்னோர் உண்ட கேழ்வரகுக் களியை ஏழையின் உணவு என்று ஒதுக்காதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. முருங்கைக் கீரையும் நிலக்கடலையும் கொல்லையிலும் காட்டிலும் கிடைப்பவையே. கடையில் டப்பாவில் விற்கும் சத்து மாவுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் மகள் ஒருவரைத் தந்தை தடுத்தார். “ஊர் நடுவே கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடினால் நாளைக்கு யார் சாமி பெண் கேட்டு வருவார்கள்?” என்று நம்மிடமே முறையிட்டார். அவர் கெட்டவர் அல்லர். ஊர் வாய்க்கு அஞ்சுபவர். அப்பெண்ணின் தாயார் வாதம் செய்யவில்லை. மறுநாள் விடியலில் மகளோடு தாமும் புறப்பட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரமாக நடந்தார். மகள் ஓடினாள், தாய் நடந்தாள். ஒரு வாரத்தில் மேலும் இரண்டு தாய்மார் தத்தம் மகளிரோடு வந்து சேர்ந்தனர். அத்தந்தை இன்னும் முழுமனத்தோடு சம்மதிக்கவில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்துவிடுபவர் அவரே. ஆஸ்திரேலியக் கால்பந்திலும் பெண்களுக்கெனத் தேசியப் போட்டி 2017இல்தான் தொடங்கியது. அதன் முதல் ஆட்டத்திற்கு இடம் போதாமல் வாயிற்கதவை மூடும் அளவுக்கு மக்கள் திரண்டனர். மகளிரை யார் பார்க்க வருவார்கள் என்ற கேள்விக்கு அந்த ஊரிலும் அன்றுதான் விடை கிடைத்தது.

இப்போது நம் பங்குப் பேரவையின் முன் ஒரு வினா நிற்கின்றது. இண்டூருக்கு அண்மையில் நம் பொறுப்பிலுள்ள கிளைக் கிராமம் ஒன்றில், சிற்றாலயத்தை அடுத்து ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம் வெறுமையாகக் கிடக்கின்றது. அதில் திருமண மண்டபம் கட்ட வேண்டும் என்பது பெரியவர்கள் பலரின் விருப்பம். அவர்களுடைய நியாயத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஏழைக் குடும்பம் மகளுக்குத் திருமணம் செய்ய வெளியூர் மண்டபத்திற்கு வாடகை கொடுத்து வட்டியில் மூழ்குகின்றது. மண்டபம் இருந்தால் அச்சுமை குறையும். கிடைக்கும் வருவாயில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவலாம். இது அன்பின் பாற்பட்ட எண்ணமே.

வாலிபரோ, இந்நிலம் மைதானமாகவே இருக்கட்டும் என்கின்றனர். நாமும் ஒருநாள் அவர்களோடு சேர்ந்து அந்நிலத்தின் ஓரத்தைக் கயிறு பிடித்து அளந்தோம். நான்கு பக்கமும் சுற்றினால் ஏறத்தாழ 250 மீட்டர். ஆறு சுற்றுகள் ஓடினால் 1500 மீட்டர். சாலைக்குப் போக வேண்டியதில்லை. வேலியும், தண்ணீர்த் தொட்டியும், கயிறு தொங்கவிட ஒரு கம்பமும், சமப்படுத்திய செம்மண் தரையும் போதும். மண்டபத்திற்கு ஆகும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது.

பேரவைக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்து, “பங்குத் திருவிழாவில்தான் கயிறிழுத்தலும் உறியடியும் வைக்கிறோமே, அது போதாதா சாமி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆண்டுக்கொரு நாள் வைக்கும் விளையாட்டு, ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் வீரரைப் போன்றது. மகிழ்ச்சி தரும், ஆனால் மறுநாள் இராது. பிள்ளைகளுக்கு வேண்டியது திரும்பத் திரும்ப வரக்கூடிய ஓர் இடம். பூட்டிய மண்டபம் முகூர்த்த நாளில் மட்டுமே திறக்கும். மைதானமோ எல்லா நாளும் விடியலில் திறந்திருக்கும். அங்கே கத்தோலிக்கப் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும், இத்தெருப் பிள்ளையும் அத்தெருப் பிள்ளையும் ஒரே பந்தைத் துரத்துவர். தெருவாரியாகப் பிரிந்து கிடக்கும் நம் ஊர்களில், மண்டபத்துப் பந்தியில் நாம் காணாத சமத்துவத்தை மைதானத்தில் காணலாம். இதுவே நம் கருத்து. கருத்தைத் திணிப்பது நம் நோக்கம் அன்று. மண்டபத்தை விரும்புவோர் வேறிடம் தேடவும், அதுவரை நிலத்தை மைதானமாகப் பயன்படுத்திப் பார்க்கவும் பேரவை இப்போதைக்கு இசைந்திருக்கின்றது. இறுதி முடிவு உயிர்ப்பு விழாவிற்குப் பின் கூடும் கூட்டத்தில் எடுக்கப்படும். வேலிக்கு மூங்கில் தருவதாக முதலில் முன்வந்தவர், மண்டபத்திற்காக மிகவும் வாதாடிய பெரியவரே என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

வாலிபர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கால்கள் உங்களுக்காக மட்டும் ஓட வேண்டா. ஆஸ்திரேலிய வீரரின் பயிற்சி அட்டவணையில் பிறருக்கென்று நாட்கள் எழுதப்பட்டிருப்பதைப் போல, உங்கள் வாரத்திலும் ஒரு மணி நேரத்தை எழுதி வையுங்கள். வேலை கிடைத்த பிறகு செய்வோம் என்று ஒத்திப் போடாதீர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஊரின் சிறு பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாண்டுதலும் சொல்லிக் கொடுங்கள். மூட்டு இறுகிப் படுக்கையில் இருக்கும் முதியவரைக் கைத்தாங்கலாக ஆலயத்திற்கு அழைத்து வாருங்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாத பாட்டிக்குத் தூக்கிக் கொடுங்கள். வலுவான தோள் எதற்காகத் தரப்பட்டது என்பது அப்போது விளங்கும். ஓட்டத்தில் தோற்றவரைக் கேலி செய்யாதீர்கள். அவரோடு மறுநாள் ஒரு சுற்றுக் கூட ஓடுங்கள்.

பெற்றோரே, பிள்ளை வியர்வையோடு வீடு திரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். சுவரைக் கட்டுவது நம் கடமை. அதன்மேல் எழுதப்படும் சித்திரத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். வேலைக்கு ஓடும் பிள்ளைகள் அனைவருக்கும் அவ்வேலை கிட்டும் என்று நாம் உறுதி கூற இயலாது. இடங்கள் சில, ஓடுவோர் பலர். ஆனால் ஒழுங்காக எழுந்து, அளவாக உண்டு, மதுவைத் தொடாமல், தோழரோடு ஓடிப் பழகிய உடலும் உள்ளமும் எந்த வேலைக்குப் போனாலும் உதவும். வாடாத முடியை நோக்கிய ஓட்டத்திற்கும் அதுவே நல்ல ஆயத்தம். அவ்வோட்டத்தில் நம் இளைஞர் யாவரையும் இறைவன் தளராமல் காத்தருள்வாராக.